ஒரு மூடி எண்ணெய்

இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஆழாக்கு, உழக்கு, படி, வள்ளம், மரக்கால் என்று நம் முன்னோர் வைத்திருந்த முகத்தல் அளவைகளைச் சிறுவயதில் வாய்பாடாக ஒப்பித்திருக்கிறோம். அந்த வாய்பாட்டில் இடம்பெறாத அளவை ஒன்று நம் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் இன்றும் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் 'மூடி'. "நூறு ரூபாய்க்குப் பெட்ரோல், ரெண்டு மூடி ஆயில்" என்று பழைய மொபெட்டில் வரும் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு மூடி என்பது எவ்வளவு? நூறு ரூபாய்க்கு ஏன் இரண்டு மூடி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் புறப்பட்ட கதைதான் இக்கட்டுரை. தேட வைத்தது ஆர்வமன்று, செலவு.

எங்கள் வீட்டில் 2010-ஆம் ஆண்டு வாங்கிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் வண்டி ஒன்று இருக்கிறது. சூளகிரிப் பக்கத்திலிருந்து கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, விடியுமுன் மேலுமலைக் கணவாயில் இறங்கி, கிருஷ்ணகிரிச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் தொழில். சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள், இறக்கம் முடிந்து சமதளத்துக்கு வந்து அவர் ஆக்ஸிலேட்டரைத் திருகியபோது, எஞ்சின் கீச்சென்று ஓசையிட்டு நின்றுவிட்டது. வண்டி மட்டும் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. கிக்கரை மிதித்தால் மிதிபடவில்லை. பட்டறைக்காரர்கள் 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்களே, அதுதான். அன்றைய கொத்தமல்லி வழியிலேயே வாடிற்று. சிலிண்டருக்குப் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்குகளும் மாற்ற மூவாயிரத்துச் சொச்சமும், சந்தைக்குப் போகாத நான்கு நாட்களும் செலவாயின.

வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது மெக்கானிக் அண்ணன், "ஆயில் பத்தலை. இனிமே மூணு மூடி ஊத்துங்க" என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். அன்று மாலை ஓசூரிலிருந்து வரும் என் வகுப்புத் தோழன் வேறொன்று சொன்னான். அவன் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை மண்பாதைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்து வைத்திருப்பவன். "நல்ல செயற்கை எண்ணெய் வாங்கி அறுபதுக்கு ஒன்று போடு, போதும்" என்பது அவன் வாக்கு. வண்டியோடு வந்த கையேட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று என்று இருந்தது. மூன்று பேர், மூன்று விடை. தவறான விடைக்கு விலை இன்னொரு பிஸ்டன்.

இயந்திரவியல் நம் பாடமன்று. இருப்பினும் இதை அறிய இரண்டாம் ஆண்டு இயற்பியல் போதும் என்று தோன்றிற்று.

கார், பஸ் முதலியவற்றிலுள்ள நான்குவீச்சு எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. பம்பு ஒன்று அந்த எண்ணெயைத் தாங்கிகளுக்கெல்லாம் செலுத்தும். எண்ணெய் சுற்றிச்சுற்றி வந்து மீண்டும் தொட்டியிலேயே விழும். இருவீச்சு எஞ்சினில் அப்படியொரு தொட்டி இருக்க வழியில்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழேயுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் அந்த அறைக்குள் நுழைகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கத்துத் துளைகள் வழியாக உருளைக்குள் ஏறுகிறது. கிராங்க் அறையே உறிஞ்சு பம்பாக வேலை செய்கிறது. இந்த அமைப்புக்கு 1891-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. வால்வு இல்லை, வால்வைத் தூக்கும் தண்டு இல்லை, எண்ணெய்ப் பம்பு இல்லை. ஆகவே விலை மலிவு, பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் பெட்ரோல் புகுந்து புறப்படும் அறையில் எண்ணெயைத் தேக்கிவைத்தால் அதுவும் சேர்ந்து போய் எரிந்துவிடுமே! எனவேதான் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கரைத்து அனுப்புகிறார்கள். பெட்ரோல் ஆவியாக, எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து, கிராங்க் தாங்கி, கனெக்டிங் ராடின் இருமுனைகள், பிஸ்டன் ஓரம் ஆகிய இடங்களில் படிகிறது. தன் வேலையை முடித்தபின் தானும் எரிந்து போகிறது. ஒரு துளி எண்ணெய் ஒரே ஒரு முறைதான் பயன்படும்.

அந்தத் துளி எவ்வளவு சிறியது என்று ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று என்று கொள்வோம். மணிக்குச் செலவாகும் பெட்ரோல் 0.8 லிட்டர், அதில் ஐம்பதுக்கு ஒன்று வீதம் எண்ணெய் 16 மி.லி. ஒரு மணியில் எஞ்சின் சுற்றுவது 2,70,000 முறை. வகுத்தால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு. கடுகின் அளவுகூட இல்லை. இவ்வளவு சிறிய ஒன்றை நம்பியா இரும்பும் அலுமினியமும் உரசிக்கொண்டு ஓடுகின்றன என்று முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்து சேர்வதுதான் இவ்வளவு. முன்பே படிந்திருக்கும் மெல்லிய படலம் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் படலம் தீராமல் பார்த்துக்கொள்வதே கலவையின் வேலை.

அப்படியானால் மெக்கானிக் அண்ணன் சொன்னதுபோல் எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் படலம் இன்னும் தடிமனாக இருக்குமே, அதில் என்ன கேடு? இக்கேள்விக்கு விடை பட்டறையிலேயே கிடந்தது; நாங்கள்தான் கவனிக்கவில்லை. கழற்றிப்போட்ட பழைய பிஸ்டனை அப்பா ஒரு காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் தலையில் அடுப்புக் கரிபோல் கெட்டியான படிவு. இரண்டு ரிங்குகளில் ஒன்று தன் பள்ளத்திலேயே கரியால் ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. சிலிண்டரின் வெளியேற்றும் துளை கரியால் பாதி அடைந்திருந்ததாகவும், சைலன்சரைக் கழற்றி நெருப்பில் வாட்டித் தட்டியபோது ஒரு கைப்பிடிக் கரி கொட்டியதாகவும் அப்பா சொன்னார். எண்ணெய் பற்றாமல் போன எஞ்சினில் இவ்வளவு கரி எங்கிருந்து வரும்? எரியாமல் எஞ்சிய எண்ணெய்தான் கரியாகிறது. ரிங் ஒட்டிக்கொண்டால் அது சிலிண்டர் சுவரோடு பொருந்தி நிற்காது; எரியும் வாயு பிஸ்டனின் பக்கவாட்டில் கசிந்து, அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைச் சுட்டுவிடும். பிஸ்டனின் வெப்பம் சுவருக்குக் கடந்து போவதும் பெரும்பாலும் ரிங்கின் வழியாகவே. அந்த வழியும் அடைபட்டால் பிஸ்டன் சூடேறி, விரிந்து, இறுகும். ஆக, எண்ணெய் குறைந்தாலும் எஞ்சின் இறுகும். மிகுந்தாலும், சற்றுக் காலம் தாழ்த்தி, இறுகும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் கலவை 'ரிச்' ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. இங்கே இரண்டு விகிதங்கள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் உள்ளது, மற்றது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ளது. கார்புரேட்டரின் ஜெட் என்பது ஊசித்துளை. அதன் வழியே இவ்வளவு திரவந்தான் போகும் என்று வரையறை உண்டு. அந்தத் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைந்தாக வேண்டும். ஐம்பதுக்கு ஒன்றில் திரவத்தின் 98 விழுக்காடு பெட்ரோல். இருபத்தைந்துக்கு ஒன்றில் அது 96. போதாக்குறைக்கு, பாகுத்தன்மை கூடிய திரவம் துளையில் மெதுவாகவே போகும். நம் ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ் முறைச் சோதனைக்காக உயரமான கண்ணாடிக் குவளையில் விளக்கெண்ணெயை நிரப்பி, எஃகுக் குண்டுகள் ஆடி அசைந்து இறங்குவதை நிறுத்துகடிகாரத்தோடு பார்த்துக்கொண்டு நின்றோமே, அதே பாகுத்தன்மைதான். எனவே எண்ணெய் கூடக்கூடக் காற்றோடு சேரும் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை எஞ்சினைச் சூடாக்கும். இதனால் வரும் வேறுபாடு ஓரிரு விழுக்காடுதான், தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வேறு காரணங்களும் அதே பக்கம் சாய்ந்தால் நிலைமை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனில் ஓடிய வில்லியர்ஸ் இருவீச்சு எஞ்சின்களுக்குப் பதினாறுக்கு ஒன்று என்பதே வழக்கம். அன்று தனியே டூ-டி எண்ணெய் கிடையாது. சாதாரண எஞ்சின் எண்ணெயையே கலந்தார்கள். பிஸ்டன் பின் சுழலும் இடத்தில் வெண்கலப் புஷ் இருந்தது. வெண்கலப் புஷ்ஷுக்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் தொடங்கிச் செய்த ஜாவா வண்டிகளுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. ஊற்றினார்கள். மெக்கானிக் அண்ணனின் குரு பெங்களூரில் ஜாவாவும் எஸ்டியும் பார்த்தவராம். கை பழகிய அளவு குருவிடமிருந்து சீடனுக்கு வந்திருக்கிறது. நடுவில் எஞ்சின் மாறியது மட்டும் வந்து சேரவில்லை. வெண்கலப் புஷ்ஷின் இடத்தில் ஊசி உருளைத் தாங்கி வந்தது. அதற்குச் சிறிதளவு எண்ணெயே போதும். எண்ணெயும் மாறிற்று. புகை குறைவாக எரியும் பாலிஐசோபியூட்டிலீன் சேர்த்த டூ-டி எண்ணெய்கள் வந்தன. ஜப்பானியர் 1994-இல் ஜாசோ என்னும் தர அமைப்பில் எஃப்.பி., எஃப்.சி. என்று தரம் பிரித்தார்கள், எஃப்.டி. பின்னால் சேர்ந்தது. டப்பாவின் பின்புறத்தில் சிறிய கட்டத்துக்குள் இந்த எழுத்துகளைக் காணலாம். எஃப்.சி. என்றால் புகை குறைவு, எஃப்.டி. என்றால் அத்தோடு கரி படியாமல் துடைக்கும் திறனும் மிகுதி.

நம் நாட்டில் இதை நீதிமன்றமே கவனிக்க வேண்டி வந்தது. தில்லி நகரத்துப் புகையைப் பற்றிய வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், அவ்வாண்டு முடிவுக்குள் சில்லறையாக டூ-டி எண்ணெய் ஊற்றுவது நின்று, அளந்து கலந்த பெட்ரோலையே பங்குகளில் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. இருவீச்சு எஞ்சினில் உருளைக்குள் நுழையும் புதுக் கலவையில் 15 முதல் 40 விழுக்காடு வரை எரியாமலே வெளியேறிவிடக்கூடும் என்கிறார்கள். அதோடு எண்ணெயையும் இரட்டிப்பாக ஊற்றினால் நகரம் என்ன ஆகும்! மூடியால் அளக்கும் பழக்கம் ஒரு தலைநகரத்தின் காற்றைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய செய்தி என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

இனி என் தோழனின் அறுபதுக்கு ஒன்று. அவனும் பொய் சொல்லவில்லை. கே.டி.எம். நிறுவனத்தின் சில காட்டுவழி வண்டிகளுக்கு அறுபதுக்கு ஒன்று என்று கையேட்டிலேயே உண்டு. ஆனால் அதே மண்பாதைக் குடும்பத்தைச் சேர்ந்த யமஹா ஒய்.இசட். பந்தய வண்டிகளுக்கு முப்பதுக்கு ஒன்று! ஒரே வகை வண்டிக்கு ஏன் இரு விகிதங்கள் என்று கேட்டேன். அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பந்தயத்தில் எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் போகும். நெடுநேரம் முழுத் திறப்பில் ஓடும். சுற்று கூடினால் தாங்கிகளின் சுமை கூடும், எண்ணெயும் கூடத் தேவைப்படும். அந்த வெப்பத்தில் எண்ணெய் எரிந்துவிடுவதால் கரியும் அவ்வளவாகப் படியாது. பாறையும் வேருமான காட்டுவழியில் மெதுவாகப் போகிறவனுக்கு நேர்மாறு. அங்கே எண்ணெய் மிகுந்தால் பிளக் நனைந்து அணைந்துவிடும். ஆகவே விகிதம் என்பது எண்ணெயின் பெருமையைப் பொறுத்ததன்று, எஞ்சின் படும் பாட்டைப் பொறுத்தது. கொத்தமல்லி ஏற்றிக்கொண்டு மணிக்கு நாற்பதில் போகும் எழுபது சி.சி. மொபெட் இரண்டு கூட்டத்திலும் சேராது. தோழனின் ஆர்.எக்ஸ். 100-க்கு வந்தபோதே தனி எண்ணெய்த் தொட்டியும் 'ஆட்டோலூப்' பம்பும் இருந்தன. யமஹா 1964-இல் கொண்டுவந்த அந்த அமைப்பு, சும்மா ஓடும்போது குறைவாகவும் முழுத் திறப்பில் கூடுதலாகவும் எண்ணெயைத் தானே அளந்து கொடுக்கும். எந்த மூடியாலும் செய்ய முடியாத வேலை அது. பந்தயத்துக்கென்று அவன் அதைக் கழற்றிவிட்டுக் கையால் கலக்கிறான். சரிதானா என்று அவனிடம் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

விளக்கெண்ணெயைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் வரப்போரம் வளரும் ஆமணக்கின் எண்ணெய்தான் ஒரு காலத்தில் பந்தய எஞ்சின்களின் உயிர்நாடி. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் வந்தது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களிலும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். மிகுந்த சூட்டிலும் உலோகத்தைவிட்டு விலகாத குணம் அதற்கு உண்டு. ஆனால் பிசின்போல் படியும். குளிர்ந்த பெட்ரோலில் சரியாகக் கரையாது, அடியில் பிரிந்துவிடும். என் பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த அதே எண்ணெய் விமானத்தையும் ஓட்டியிருக்கிறது என்று சொன்னபோது பாட்டி நம்பவே இல்லை.

கையேடு சொல்வதே சரி என்று மனம் ஒப்பிற்று. ஆனால் கரி படிந்த அந்தப் பிஸ்டன் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா 2010-இலிருந்து அதே பங்கில், அதே மூடியால், நூறு ரூபாய்க்கு இரண்டு மூடி என்றுதான் ஊற்றி வருகிறார். பல ஆண்டுகள் கரி பிடிக்காத எஞ்சினுக்கு இப்போது மட்டும் ஏன் பிடித்தது?

முதலில் மூடியை அளந்தேன். வேதியியல் துறை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, 25 மி.லி. அளவு உருளையில் மூன்று விதமான எண்ணெய் டப்பா மூடிகளைத் தண்ணீரால் நிரப்பி ஊற்றிப் பார்த்தேன். ஒன்று 9 மி.லி.; மற்றொன்று 14; அப்பா ஆண்டுக்கணக்காக வண்டிப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பெரிய மூடி 21. ஆக 'மூடி' என்பது ஒன்பதும் ஆகும், இருபத்தொன்றும் ஆகும். அப்பாவின் இரண்டு மூடி 42 மி.லி.

பிறகு பெட்ரோலின் விலையைப் பார்த்தேன். அங்கேதான் விடை இருந்தது. 2010-ஆம் ஆண்டின் நடுவில் நம் மாநிலத்தில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 55 ரூபாய். நூறு ரூபாய்க்கு 1.8 லிட்டர் கிடைத்தது. அதில் 42 மி.லி. எண்ணெய் என்றால் ஏறத்தாழ நாற்பத்து மூன்றுக்கு ஒன்று; கையேட்டுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. 2021 ஜூலையில் சென்னையில் விலை நூறைத் தாண்டிற்று. நூறு ரூபாய்க்கு இப்போது முழு லிட்டர்கூட வருவதில்லை. ஆனால் அப்பா அதே இரண்டு மூடியைத்தான் ஊற்றுகிறார். கணக்கிட்டால் இருபத்து நான்குக்கு ஒன்று! விலை ஏறியது ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சங்கொஞ்சமாக. கலவையும் அவ்வாறே கெட்டது, யார் கண்ணுக்கும் படாமல். மெக்கானிக் அண்ணன் சொன்ன மூன்று மூடியை ஊற்றினால் அது பதினாறுக்கு ஒன்று. வில்லியர்ஸ் காலத்துக்கே போய்விடுவோம்.

எண்ணெயை லிட்டருக்கு அளக்காமல் ரூபாய்க்கு அளந்ததுதான் பிழை. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அத்திப்பள்ளியில் ஒரு விலை, ஓசூரில் ஒரு விலை. 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டியதும் அந்தப் பக்கம் ஒரே நாளில் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறிற்று. அந்த வேறுபாட்டால் எஞ்சின் கெட்டுவிடாது. ஆனாலும் ரூபாய் ஓர் அளவுகோல் அன்று என்பதற்கு அது நல்ல சான்று.

இதை அப்பாவிடம் சொல்வதற்கு எனக்கு மூன்று நாட்கள் ஆயின. எண்ணெயைக் குறை என்று சொல்லி, நாளைக்கு வண்டி மறுபடி நின்றால்? எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் படித்ததன்மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்தல்லவா அது இறுக்கிவிடும்! கடைசியில் கணக்கை ஒரு தாளில் எழுதி, பழைய பிஸ்டனைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அப்பா கணக்கைப் பார்க்கவில்லை. பிஸ்டனைத்தான் வெகுநேரம் பார்த்தார். "அப்ப, பெட்ரோல் விலை ஏத்தினவன்தான் என் வண்டியை நிறுத்தினவனா?" என்றார். பிறகு, "சரி, நீயே அளந்து குடு" என்றார்.

மருந்துக் கடையில் ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கினேன். பெட்ரோலை ரூபாய்க்கு அல்லாமல், இரண்டு லிட்டர் என்று கேட்டு வாங்குவது, இரண்டு சிரிஞ்சு எண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்தோம். ஊற்றும் வரிசையும் முக்கியம். அப்பா பெட்ரோல் போட்ட பிறகு எண்ணெய் ஊற்றுவார். எண்ணெய் பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்தது. நேரே அடியில் இறங்கிக் குழாயின் வாயில் நிற்கும். முதல் கிலோமீட்டரில் வண்டி வெண்புகை கக்கித் திணறும். பிறகு வரும் பெட்ரோலில் எண்ணெய் குறைந்துவிடும். எண்ணெயை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோலைப் பீய்ச்சினால் அந்த வேகத்திலேயே கலந்துவிடும். கேனில் கலந்து குலுக்கி ஊற்றினால் இன்னும் நன்று. களை வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒரு கேனை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாமல் அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. அவற்றில் இருபத்தைந்துக்கு ஒன்றும் உண்டு, ஐம்பதுக்கு ஒன்றும் உண்டு. கார் எஞ்சின் எண்ணெயை டூ-டி எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றவே கூடாது. அதில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாக உப்புகள் எரிந்தால் சாம்பலாகிப் பிளக்கில் ஒட்டும்.

மேலுமலை இறக்கத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வந்தால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். ஆனால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. வேகத்தில் சுழலும் எஞ்சினுக்குப் பட்டினி. அடியில் வந்து திடீரென்று திருகும்போது படலம் மெலிந்து நிற்கும். அப்பாவின் வண்டி நின்றது சரியாக அந்த இடத்தில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எனவே இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடச் சொல்லியிருக்கிறேன். தவிரவும் 400 மீட்டர் கீழே வந்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். கலவையில் காற்று மிகும்.

முன்னே சொன்ன 'அதே பக்கம் சாயும் காரணங்களில்' இது ஒன்று. மற்றொன்று இதைவிடப் பெரிது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இ-20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இரண்டும் கலந்த இ-20-க்கு நான் கணக்கிட்டது 13.5. பழைய கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. பழைய அளவிலேயே காற்றை விட்டுக்கொண்டிருக்கும். கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்துவிடும். கூடுதல் எண்ணெயால் இரண்டு, கணவாய் இறக்கத்தால் இரண்டு, எத்தனாலால் எட்டு. மூன்றும் ஒரே பக்கம். மழைக்காலத்தில் டாங்கியில் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதனோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும் என்பது இன்னொரு ஆபத்து. அந்த அடுக்கில் எண்ணெய் கரையாது; குழாய் முதலில் உறிஞ்சுவதோ அடியில் இருப்பதைத்தான். டாங்கி மூடியின் ரப்பரை அதனால் மாற்றிவிட்டோம்.

புதுக் கலவையில் வண்டி ஓடத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் அப்பா திரும்பி வரும்வரை எனக்கு வகுப்பில் மனம் ஒட்டவில்லை. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் கறுத்து எண்ணெய் வழியும், இப்போது காய்ந்திருக்கிறது. வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருப்பதே நல்லது என்பார்கள். எங்கள் பிளக் அதைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எத்தனாலின் கைவரிசை என்று நினைக்கிறேன். மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புகை நின்னுபோச்சு, நானும் பார்த்தேன் தம்பி" என்றார். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரியதாகப் போட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். ஓசூரில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையில் அது கிடைக்குமா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழனோடு போய்ப் பார்க்க வேண்டும். அப்பா சிரிஞ்சை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் இரண்டாவது சிரிஞ்சு காலியான பிறகும் டப்பாவைச் சாய்த்து நான்கு சொட்டு விடுகிறார். எதற்கு என்று கேட்டால், "வண்டிக்கு" என்கிறார். அளந்து பார்த்தேன், அரை மில்லிலிட்டர்கூட இல்லை.